வட்டியும் வாடகையும்: பம்பாயில் பொதுக்கடன்வழி ஏழையர் குடியிருப்பு (1898–1930)

முன்னுரை

உழைக்கும் மக்களுக்கு உறைவிடம் அமைத்துத் தருவதும் ஆட்சியின் கடமைகளுள் ஒன்று என்னும் எண்ணம் இந்திய நகரங்களில் பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியில்தான் உருப்பெறத் தொடங்கியது. அக்கடமையை ஏற்க முன்வந்த ஆட்சியாளர்களிடம் அதற்கான பணம் இல்லை. வரியை உயர்த்தினால் நிலவுடைமையாளரும் வணிகரும் எதிர்ப்பர். அரசுக் கருவூலமோ பஞ்சத்திற்கும் படைக்கும் செலவிட்டே களைத்திருந்தது. ஆகவே கடன் பத்திரம் என்னும் கருவியை அவர்கள் நாடினர். பொதுமக்களிடமும் வங்கிகளிடமும் பத்திரங்களை விற்றுப் பணம் திரட்டுவது, அப்பணத்தில் வீடு கட்டுவது, வீட்டின் வாடகையைக் கொண்டு வட்டியையும் முதலையும் அடைப்பது என்பது அவர்களது திட்டம்.

பம்பாய் நகரில் இத்திட்டம் இருமுறை செயற்படுத்தப்பட்டது. முதன்முறை 1898இல் ஒரு தனி வாரியத்தின் வழியாகவும், இரண்டாம் முறை 1920இல் மாகாண அரசின் நேரடிக் கடனாகவும் அது நிகழ்ந்தது. இவ்விரு முயற்சிகளிலும் கடன் பத்திரத்தின் வட்டி, ஏழைத் தொழிலாளியின் வாடகையை எவ்வாறு தீர்மானித்தது என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும். அதன் தொடர்ச்சியாகச் சிங்கப்பூரின் வீடமைப்பு வரலாற்றோடு இதற்குள்ள உறவும் சுருக்கமாக நோக்கப்படுகிறது. கடன் பத்திரம், வட்டி என்றவுடன் இது பொருளியலாருக்கு உரியது எனத் தமிழாசிரியருள் பலர் பக்கத்தைப் புரட்டிவிடக்கூடும். ஆயினும் ஒரு குடும்பம் எத்தனை சதுர அடிக்குள் வாழ்ந்தது, எந்தத் தெருவில் வாழ்ந்தது என்பதை இக்கணக்குகளே முடிவு செய்தன.

கொள்ளைநோயும் கடனீட்டுப் பத்திரமும்

1896ஆம் ஆண்டு செப்டம்பர் மாதத்தில் பம்பாய்த் துறைமுகத்தை அடுத்த மாண்டவிப் பகுதியில் பிளேக் நோய் கண்டறியப்பட்டது. பல்லாயிரவர் மாண்டனர், அதைவிடப் பெருந்தொகையினர் நகரைவிட்டு வெளியேறினர். ஆலைகள் ஆளின்றி நின்றன. பம்பாய் முடங்கினால் பருத்தி வாணிகமும் முடங்கும் என்பதால் காலனித்துவ அரசு விரைந்து செயற்பட்டது. காற்றும் வெளிச்சமும் புகாத நெருக்கமான குடியிருப்புகளே நோயின் இருப்பிடம் என அக்கால மருத்துவர் கருதினர். எலித்தெள்ளின்வழி நோய் பரவுகிறது என்னும் உண்மை அப்போது நிலைநாட்டப்படவில்லை.

இக்கருத்தின் அடிப்படையில், ஆளுநர் சாண்டர்ஸ்ட் பிரபு காலத்தில், 1898ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி பம்பாய் நகர இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் என்னும் மேம்பாட்டு வாரியம் நிறுவப்பட்டது. அரசும் நகராண்மைக் கழகமும் தமக்கு உரிய வெற்று நிலங்களை அவ்வாரியத்திடம் ஒப்படைத்தன. நகராண்மைக் கழகம் தன் வரி வருவாயிலிருந்து ஆண்டுதோறும் ஒரு பங்களித்தது. இவற்றைப் பிணையாகக் கொண்டு வாரியம் ஏறத்தாழ நான்கு விழுக்காட்டு வட்டியில் கடனீட்டுப் பத்திரங்களை வெளியிட்டது. புதிய சாலைகள் அமைத்தல், நெருக்கமான பகுதிகளை இடித்துத் திருத்துதல், நகரின் வடக்கே புதிய மனைகளை உருவாக்குதல், இடம்பெயர்ந்த ஏழைகளுக்குச் சால்கள் கட்டுதல் ஆகியன அதன் பணிகள்.

சால் என்பது நீண்ட நடைவழியை ஒட்டி வரிசையாக ஒற்றை அறைகள் அமைந்த மாடிக் கட்டடமாகும். மலேசியத் தோட்டத்து லயங்களை ஒன்றன்மேல் ஒன்றாக மூன்று நான்கு அடுக்குகளாக வைத்தால் எவ்வாறு இருக்குமோ அவ்வாறு என நம் வாசகர்க்கு விளக்கலாம். கழிப்பறையும் தண்ணீர்க் குழாயும் பொது.

வாரியத்தின் பணிகளுள் எது கடனை எளிதில் அடைத்தது, எது அடைக்கவில்லை என்பது இங்குக் கூர்ந்து நோக்கத்தக்கது. வடக்கே தாதர்–மாதுங்கா திட்டத்தில் வாரியம் சதுப்பும் வயலுமாக இருந்த நிலத்தை வாங்கி, சாலையும் சாக்கடையும் அமைத்து, மனைகளை நீண்டகாலக் குத்தகைக்கு விட்டது. அம்மனைகளில் தனியார் கட்டிய அடுக்குமாடி வீடுகளில் 1920களிலும் 1930களிலும் நடுத்தர வகுப்பினர் குடியேறினர். அவர்களுள் தென்னிந்தியர், குறிப்பாக அலுவலகங்களில் எழுத்தராகவும் கணக்கராகவும் பணியாற்றிய தமிழர், கணிசமான தொகையினர். மாதுங்கா பம்பாய்த் தமிழரின் நிலைக்களனாக மாறியதும், 1932இல் தென்னிந்தியக் கல்விக் கழகம் அங்குத் தோன்றியதும் இதன் விளைவுகளே. பிளேக் நோய்க்காக எழுப்பிய கடனே மாதுங்காவின் தமிழ்ச் சமூகத்திற்கு இடம் அமைத்துத் தந்தது என்பதைப் பம்பாய்த் தமிழர் வரலாறு எழுதுவோர் அவ்வளவாகக் கவனித்ததாகத் தெரியவில்லை.

மாத ஊதியமும் நிலையான வேலையும் உடையவர் வாடகையை ஒழுங்காகச் செலுத்த இயன்றமையால், குத்தகைப் பணம் தவறாமல் வந்தது. நகரின் நடுவே இடிக்கப்பட்ட குடியிருப்புகளில் வாழ்ந்த கூலித் தொழிலாளரின் நிலை வேறு. நிலத்தின் விலையும் கட்டடச் செலவும் வட்டியும் சேர்ந்த முழு வாடகையை அவர்களால் கொடுக்க இயலவில்லை. இடிக்கப்பட்ட வேகத்தில் புதிய சால்கள் எழவுமில்லை. இடம்பெயர்ந்தோர் அருகிலிருந்த தெருக்களுக்கே சென்று நெருக்கியடித்துக் குடியேறியதால், ஒரு பகுதியில் நீங்கிய நெரிசல் மற்றொரு பகுதியில் மிகுந்தது. வாரியத்தின் சால்களால் பயனே விளையவில்லை என்று கூறுதல் பொருந்தாது. பரேலில் அவ்வாரியம் கட்டிய சால் ஒன்றில்தான் அம்பேத்கர் 1912 முதல் இருபதாண்டுகளுக்கு மேல் வாழ்ந்தார். பின்னர் அவர் தமக்கென வீடு கட்டிக் குடியேறிய இந்து காலனியும் அதே வாரியத்தின் தாதர்–மாதுங்கா நிலத்தில் அமைந்ததே. கடன் பத்திரம் உருவாக்கிய இருவகைப் பம்பாய்களையும் அவர் ஒருவரே கண்டிருக்கிறார் எனலாம்.

1920ஆம் ஆண்டின் வளர்ச்சிக் கடன்

முதல் உலகப்போர் முடிந்த காலத்தில் பம்பாயின் வீட்டுப் பஞ்சம் முற்றியிருந்தது. போர்க்காலத்தில் கட்டுமானம் நின்றுபோனது; ஆலைகளோ இரவுபகலாக இயங்கின. வாடகை ஏற்றத்தைத் தடுக்க 1918இல் வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் இயற்றப்பட்டது. 1921ஆம் ஆண்டு மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் நகரின் மக்கள்தொகை 11.75 இலட்சத்தைத் தாண்டியது. அவர்களுள் மூன்றில் இரண்டு பங்கினர் அளவில் ஒற்றை அறைக் குடியிருப்புகளில் வாழ்ந்தனர். 1919, 1920 ஆகிய ஆண்டுகளின் தொடக்கத்தில் ஆலைத் தொழிலாளர் பெரும் வேலைநிறுத்தங்களில் ஈடுபட்டனர். 1918 இறுதியில் ஆளுநராகப் பொறுப்பேற்ற ஜார்ஜ் லாயிட், வீட்டுச் சிக்கலைத் தீர்க்காமல் தொழில் அமைதி ஏற்படாது எனக் கருதினார்.

லாயிட் பொறுமையற்றவர். நகராண்மைக் கழகமும் மேம்பாட்டு வாரியமும் மெதுவாகச் செயற்படுகின்றன என்று கருதி, 1920இல் அரசின் நேரடிக் கட்டுப்பாட்டில் வளர்ச்சித் துறை ஒன்றை ஏற்படுத்தினார். சர் லாலெஸ் ஹெப்பர் அதன் இயக்குநரானார். மாகாண அரசு தன் பெயரிலேயே வெளிச்சந்தையில் கடன் எழுப்பியது அக்காலத்தில் புதுமை. 6½ விழுக்காட்டு வட்டியில் வெளியான பம்பாய் வளர்ச்சிக் கடனுக்கு ஒன்பது கோடி ரூபாய்க்கு மேல் திரண்டது. இந்திய வணிகர்களும் அதில் பெருமளவு முதலிட்டனர். கடன் எழுப்பும் முயற்சி என்ற அளவில் இது பெருவெற்றியே. அவ்வெற்றியே பின்னர் கணக்கை மறக்கச் செய்தது என்பது இக்கட்டுரையாளரின் கருத்தாகும்.

தொழிலாளர்க்கு 50,000 ஒற்றை அறைகளைக் கட்டுவது துறையின் திட்டம். வாடகையில் துண்டு விழும் என்பதை லாயிட் முன்னரே உணர்ந்திருந்தார். அதை ஈடுசெய்ய, பம்பாய்க்குள் வரும் ஒவ்வொரு பருத்திப் பொதிக்கும் ஒரு ரூபாய் நகரத் தீர்வை விதிக்கப்பட்டு, அதன் ஒரு பகுதி வீட்டுத் திட்டத்திற்கு ஒதுக்கப்பட்டது. பருத்தியால் செல்வம் சேர்ப்போர் பருத்தித் தொழிலாளியின் வீட்டுக்குப் பங்களிக்க வேண்டும் என்னும் இந்த ஏற்பாடு பாராட்டத்தக்கது. தொழிலாளியின் வாடகையையும் வணிகரின் தீர்வையையும் ஒரே கடனின் பின்னால் நிறுத்திய முதிர்ந்த சிந்தனை அதில் தெரிகிறது. ஆயினும் தீர்வையின் அளவு, செலவின் அளவுக்கு ஈடுகொடுக்கவில்லை.

வட்டி வாடகையாதல்

இவ்விடத்தில் எளிய கணக்கொன்று பயன்படும். ஓர் அறையைக் கட்ட ஆயிரம் ரூபாய் ஆவதாக விளக்கத்திற்காகக் கொள்வோம். நான்கு விழுக்காட்டுக் கடனில் கட்டினால் ஆண்டு வட்டி 40 ரூபாய். மாதத்திற்கு ஏறத்தாழ மூன்று ரூபாய் ஐந்தணா. அதே அறையை 6½ விழுக்காட்டுக் கடனில் கட்டினால் ஆண்டு வட்டி 65 ரூபாய். மாதத்திற்கு ஏறத்தாழ ஐந்து ரூபாய் ஏழணா. முதலைத் திருப்பிச் செலுத்தச் சேர்க்கும் கடன்தீர்வு நிதி, நகராண்மை வரி, பழுதுபார்ப்பு, வாடகை தண்டுவோர் சம்பளம் ஆகியன இதற்கு மேல். செங்கல் ஒன்றேனும் கூடாமல், சுவர் ஓர் அங்குலமேனும் அகலாமல், வட்டி விகிதம் மட்டும் மாறியதால் வாடகையின் அடித்தளம் பாதிக்கு மேல் உயர்ந்துவிடுகிறது. வீட்டின் தரத்தைப் பற்றி எழுதிய அக்கால அறிஞர் பலர், வட்டியின் இப்பங்கைப் போதிய அளவு வலியுறுத்தவில்லை.

கட்டுமானப் பொருள்களின் விலை போருக்குப்பின் உச்சத்தில் இருந்த காலத்தில்தான் வேலையும் தொடங்கியது. வட்டியும் உச்சம், பொருள் விலையும் உச்சம். பின்னர் விலைகள் இறங்கின. எழுப்பிய கடனின் வட்டி இறங்கவில்லை. முழு வாடகை வாங்கினால் தொழிலாளி வரமாட்டார்; குறைத்து வாங்கினால் கடனை அடைக்க வேறு பணம் வேண்டும். துறை வாடகையைக் குறைத்தது. அதே வேளையில் கட்டடத்தின் செலவையும் குறைக்க முயன்றது. இரண்டாவது முயற்சியின் விளைவைப் பின்வந்த தலைமுறைகள் சுமந்தன.

வொர்லி, நைகாவ், டிலைல் சாலை, சிவ்ரி ஆகிய நான்கு இடங்களில் சிமெண்டு கான்கிரீட்டால் சால்கள் எழுந்தன. தரைத்தளமும் மூன்று மாடிகளும் கொண்ட ஒவ்வொரு சாலிலும் 80 அறைகள்; ஒவ்வோர் அறையும் ஏறத்தாழ 160 சதுர அடி. கான்கிரீட்டுச் சுவர்கள் கோடையில் வெப்பத்தைத் தேக்கிவைத்தன. காற்றோட்டமும் வெளிச்சமும் போதவில்லை. 1925இல் வெளிவந்த, பம்பாய்த் தொழிலாளரும் குடியிருப்பும் பற்றிய பர்னெட்-ஹர்ஸ்ட்டின் நூல் நகரத் தொழிலாளரின் உறைவிட அவலத்தை விரிவாகப் பதிவு செய்தது. பிளேக் காலத்தில் காற்றும் வெளிச்சமும் வேண்டித் தொடங்கிய முயற்சி கால் நூற்றாண்டில் இத்தகைய அறைகளில் வந்து நின்றது.

வெற்று அறைகள்

வீட்டுப் பஞ்சம் நிலவிய நகரில் அரசு கட்டிய வீடுகள் ஆளின்றிக் கிடந்தன. இதுவே இவ்வரலாற்றின் மிகவும் வியப்பூட்டும் பகுதி. 1920களின் பிற்பகுதியில் பல ஆயிரம் அறைகள் வெறுமையாக இருந்தன; வொர்லியில் நிலைமை மிகவும் மோசம். தொழிலாளர் நல்ல வீட்டின் அருமை அறியாதவர் எனக் குறைகூறுவது அதிகாரிகளுக்கு எளிதாயிருந்தது. 1929 முதல் 1931 வரை ஆய்வு நடத்திய இந்தியத் தொழிலாளர் பற்றிய அரச ஆணைக்குழு, வொர்லியின் குறைகளை அவ்வளவு எளிதாகத் தொழிலாளர்மீது சுமத்தவில்லை. சாலை விளக்கு, தண்ணீர், அங்காடி, மருத்துவ வசதி, பாதுகாப்பு ஆகியன போதாமையே அவ்விடத்தின் சிக்கல்.

இதனை இன்னும் சற்று விரித்து நோக்கலாம். பம்பாய் ஆலைத் தொழிலாளருள் பலர் கொங்கணக் கரையிலும் தக்காணத்திலும் குடும்பத்தை விட்டுவிட்டு வந்தவர்கள். வேலை கிடைப்பது ஜாபர் என்னும் ஆள்கட்டும் மேஸ்திரியின் தயவில். வேலையில்லாத வாரங்களில் அரிசி கிடைப்பது தெருமுனை மளிகைக் கடைக்காரர் கடன் கொடுத்தால். ஆலையை ஒட்டிய கிரண்காவ் எனப்பட்ட தொழிலாளர் பகுதியின் நெரிசலான தெரு அவர்களுக்கு வேலைவாய்ப்பு, கடன், ஊர்ச் செய்தி, உறவு யாவும் ஒருங்கே கிடைக்கும் இடம். அங்கிருந்து வொர்லிக்குக் குடிபெயர்வது, அத்தனையையும் இழந்து ஓர் அறையை மட்டும் பெறுவதாகும். இன்று வீட்டோடு மருத்துவம், ஆலோசனை, வேலைவாய்ப்பு உதவி ஆகியவற்றை இணைத்து வழங்க வேண்டும் எனச் சமூகநலத் துறையினர் கூறுகின்றனர். அத்தகைய ஆதரவைத் தெரு ஏற்கெனவே தந்துகொண்டிருந்தது. கடன் பத்திரத்தின் கணக்கேட்டில் அதற்கு இடமில்லை. விளக்குக் கம்பமும் மருந்தகமும் வாடகை ஈட்டித் தருவனவல்ல. வட்டி கட்ட வேண்டிய துறை, வருவாய் தராத செலவுகளைத்தான் முதலில் தள்ளிப்போட்டது.

1920களின் இடையில் திட்டம் நிறுத்தப்பட்டது. வொர்லியில் 121, நைகாவில் 42, டிலைல் சாலையில் 32, சிவ்ரியில் 12 என மொத்தம் 207 சால்களே எழுந்திருந்தன. திட்டமிட்ட 50,000 அறைகளில் மூன்றில் ஒரு பங்கே, அதாவது பதினாறாயிரத்துச் சொச்சமே கட்டப்பட்டது. அதே வளர்ச்சித் துறை மேற்கொண்ட பேக் பே கடல் மீட்புத் திட்டத்தின் ஊழலைக் கே. எப். நாரிமன் வெளிப்படுத்தியபோது எழுந்த பரபரப்பில், சால்களின் கணக்கு பொதுமக்கள் கவனத்திலிருந்து மறைந்தது. 1930இல் சட்டமறுப்பு இயக்கம் தொடங்கிச் சிறைகள் நிரம்பி வழிந்தபோது, வொர்லிச் சால்களைத் தற்காலிகச் சிறைச்சாலையாக அரசு பயன்படுத்தியது. தொழிலாளர்க்கென எழுப்பிய அறைகளில் தேசியத் தொண்டர்கள் அடைக்கப்பட்டனர். மேம்பாட்டு வாரியம் 1933இல் நகராண்மைக் கழகத்தோடு இணைக்கப்பட்டது.

சிங்கப்பூர்த் தொடர்பு

பம்பாயில் தோன்றிய மேம்பாட்டு வாரிய முறை அந்நகரோடு நின்றுவிடவில்லை. கல்கத்தா உள்ளிட்ட பிற இந்திய நகரங்களுக்கும், அங்கிருந்து சிங்கப்பூருக்கும் அது பரவியது. சிங்கப்பூரின் சுகாதார நிலைபற்றி 1907இல் அறிக்கை அளித்த டபிள்யூ. ஜே. சிம்ப்சன், முன்னர்க் கல்கத்தாவின் சுகாதார அதிகாரியாக இருந்தவர். 1920இல் சிங்கப்பூரின் நகரமைப்புப் பணிக்கு வந்த ஈ. பி. ரிச்சர்ட்ஸ், கல்கத்தா மேம்பாட்டு வாரியத்தின் பொறியாளராகப் பணியாற்றியவர். 1927இல் சட்டப்படி நிறுவப்பட்ட சிங்கப்பூர் இம்ப்ரூவ்மென்ட் டிரஸ்ட் பெயரிலேயே இந்திய மரபைக் கொண்டிருந்தது. அது 1959 வரை ஏறத்தாழ 23,000 வீடுகளைக் கட்டியது.

1960ஆம் ஆண்டு பிப்ரவரியில் தோன்றிய வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் முதல் ஐந்தாண்டுகளில் 54,000க்கு மேற்பட்ட வீடுகளைக் கட்டியது. அதன் வேகத்தைப் பற்றிப் பலர் எழுதியுள்ளனர். இக்கட்டுரையின் நோக்கில் முக்கியமானது அதன் பணம் வந்த வழி. 1955இல் தொடங்கிய மத்திய சேமநிதி, தொழிலாளரின் கட்டாயச் சேமிப்பை அரசுக் கடன் பத்திரங்களில் முதலிடுகிறது. அரசு வீடமைப்புக்குக் கடனும் மானியமும் தருகிறது. 1968 முதல் அதே சேமிப்பைக் கொண்டு உறுப்பினர் வீடு வாங்கவும் இயன்றது. பம்பாயில் பத்திரம் வாங்கியவர் வணிகர், வாடகை கொடுத்தவர் தொழிலாளி. சிங்கப்பூரில் பத்திரத்தின் பின்னால் நிற்பவரும் வீட்டுக்குப் பணம் செலுத்துபவரும் பெரும்பாலும் ஒருவரே. சேமநிதிச் சாதாரணக் கணக்கின் வட்டியைவிட 0.1 விழுக்காட்டுப் புள்ளி மட்டும் கூடுதலாகக் கழகத்தின் வீட்டுக் கடன் வட்டி அமைந்திருப்பது இவ்விணைப்பைத் தெளிவாகக் காட்டும். கடன் கொடுப்பவருக்கும் வாங்குபவருக்கும் இடையிலான தூரத்தை இந்த ஏற்பாடு வெகுவாகக் குறைத்துவிட்டது.

எனினும் இம்முறையும் சம்பளம் உள்ளவரின் முறையே. சேமநிதியில் சேமிப்பில்லாத முதியவர், நோயாளி, நிலையான வேலையற்றவர் ஆகியோருக்கு அது தானாகக் கதவு திறப்பதில்லை. கழகத்தின் தொடக்கக் காலத்தில் ஓரறை வீட்டு வாடகை மாதம் 20 வெள்ளியாக இருந்தது. இன்றும் வாடகை வீடுகளின் வாடகை, கட்டட அடக்கவிலையைக் கொண்டு கணக்கிடப்படாமல் குடும்ப வருமானத்தைக் கொண்டே நிர்ணயிக்கப்படுகிறது. கழகத்தின் பற்றாக்குறையை அரசு மானியம் ஈடுசெய்கிறது. அதாவது, திருப்பிச் செலுத்த இயல்வோருக்குக் கடன், இயலாதோருக்கு மானியம் என இரண்டும் தனித்தனியாக வைக்கப்பட்டுள்ளன. லாயிட் ஒரே கடனில் இரண்டையும் செய்ய முற்பட்டார். அவர் விதித்த ஒரு ரூபாய்ப் பருத்தித் தீர்வை, அளவிற் சிறியதாயினும், இந்தப் பிரிவினையை நோக்கி எடுத்துவைத்த அடியாகவே தோன்றுகிறது. லாயிட்டின் மடமை எனப் பேக் பே திட்டத்தைச் சுட்டி அவரை எள்ளுவோர் இத்தீர்வையைக் குறிப்பிடாமலே கடந்துவிடுகின்றனர்.

வொர்லியின் பிற்காலம்

வெறுமையாகக் கிடந்த சால்கள் காலப்போக்கில் நிரம்பின. வாடகை குறைக்கப்பட்டதும், நகரம் வடக்கு நோக்கி வளர்ந்து வொர்லியை உள்வாங்கிக்கொண்டதும் அதற்குக் காரணங்கள். ஆலைத் தொழிலாளரோடு காவலரும் அரசு ஊழியரும் அங்குக் குடியேறினர். டிலைல் சாலை, தொழிற்சங்கத் தலைவர் என். எம். ஜோஷியின் பெயரைப் பெற்றது. ஆலைகள் மூடப்பட்ட பின்னரும் ஆலைத் தொழிலாளர் குடும்பங்கள் அவ்வறைகளிலேயே தொடர்ந்து வாழ்ந்தன.

2017இல் மகாராட்டிர அரசு இச்சால்களின் மறுகட்டமைப்புக்கு அடிக்கல் நாட்டியது. 160 சதுர அடி அறையில் வாழ்ந்த குடும்பத்திற்கு 500 சதுர அடி வீடு இலவசம் என்பது திட்டம். வொர்லியில் முதல் 556 வீடுகள் 2025 ஆகஸ்டில் வழங்கப்பட்டன. இம்முறை அதன் செலவு குடியிருப்போரின் வாடகையிலிருந்து பெறப்படுவதில்லை. அதே நிலத்தின் எஞ்சிய பகுதியில் எழும் வீடுகளைச் சந்தை விலைக்கு விற்று ஈடுசெய்வது ஏற்பாடு. 1920இல் எவரும் குடியேற விரும்பாத வொர்லி நிலம், நூறாண்டுகளுக்குப்பின் நாட்டின் மிக விலையுயர்ந்த நிலங்களுள் ஒன்றாகிவிட்டமையால் அது இயல்வதாயிற்று.